பெண் பார்க்கப் போய் பார்க்கிங் லாட் பார்த்தது

மான்மவுத் ஜங்ஷன், நியூ ஜெர்சி
ஞாயிற்றுக்கிழமை, அக்டோபர் 8, 2006

பாசத்திற்கும் மரியாதைக்கும், அதைவிட அதிகமாகப் பயத்திற்கும் உரிய அக்கா வசந்தாமணிக்கு,

தம்பி வேலுமணி வணக்கத்தோடு எழுதிக்கொள்வது. இங்கே என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசைப் பற்றிக் கேட்காதே. அங்கே நீயும் மச்சானும் பிள்ளைகளும் சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போனில் சொல்லாமல் ஏன் லெட்டர் என்று கேட்பாய். போனில் நீ என்னை ஒரு வாக்கியம் முடிக்க விடுவதில்லை. பாதி நேரம் அழுகிறாய், மீதியில் காலிங் கார்டு தீர்ந்துவிடுகிறது. பேப்பரில் குறுக்கே பேச முடியாது. ஆகவே உட்கார்ந்து முழுக்கப் படி.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வெங்கடாசலம் அங்கிள் வீட்டுச் சம்பந்தம் கைவிட்டுப் போய்விட்டது. காரணம் நான்தான். ஆனால் நான் சொன்னதில் ஒரு தப்பும் கிடையாது. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக இருக்கும் என்பதைத்தான் கீழே எழுதுகிறேன்.

நீ சொன்னபடியேதான் போனேன். நீல முழுக்கைச் சட்டை, ஷேவ், நெற்றியில் திருநீறு. மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்றாய். இந்த ஊரில் பெரியவருக்கு நான் எங்கே போவது? ரூம்மேட் நஞ்சுண்டன் என்னைவிட மூன்று மாதம் மூத்தவன், அவனைக் கூட்டிக்கொண்டேன். அவர்கள் வீடு வெஸ்ட் வின்ட்சரில். அங்கே பேஸ்மென்டில் ஏதோ வேலை நடக்கிறது என்று, செப்டம்பர் 25, திங்கட்கிழமை, ஹோட்டலுக்கு லீவு நாளாகப் பார்த்து, அங்கிள் தன்னுடைய பிளாசாவுக்கே வரச் சொல்லியிருந்தார். ஒரே வரிசையில் ஐந்து கடை, நடுவில் அவருடைய சொந்த ஹோட்டல், முன்னால் அறுபது கார் நிற்கிற பார்க்கிங் லாட். இந்த லாட்தான் அக்கா, எல்லாவற்றுக்கும் காரணம்.

என் வேலை உனக்குத் தெரியும். கடை, ஆபீஸ், ஆஸ்பத்திரி வாசலில் கார் நிறுத்துகிற தளம் எங்கே கெட்டிருக்கிறது, ஏன் கெட்டது, எப்படிச் சரி பண்ணுவது என்று பார்த்துச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம். பல் டாக்டர் கல்யாண வீட்டுக்குப் போனால் சிரிக்கிறவர்கள் வாயைப் பார்க்காமல் இருப்பாரா? காரை விட்டு இறங்கினால், லாட் முழுக்கப் புதிதாகக் கறுப்பு அடித்து, மஞ்சள் கோடு போட்டு, மாட்டுப் பொங்கலுக்குக் குளிப்பாட்டின எருமை மாதிரி பளபளவென்று இருக்கிறது. "சூப்பரா இருக்குடா" என்றான் நஞ்சுண்டன். நான் குனிந்து பார்த்தேன். கறுப்புக்குக் கீழே முதலைத் தோல் மாதிரி வெடிப்பு. அப்படி வெடித்தால் மேல்தார் மட்டும் போகவில்லை, அடியில் இருக்கிற ஜல்லியே தண்ணீர் குடித்து நகர்ந்துவிட்டது என்று அர்த்தம். அதன்மேல் கறுப்பு அடிப்பதும் சீழ்க்கட்டிக்குப் பவுடர் போடுவதும் ஒன்று.

இதை நானாகப் போய்ச் சொல்லவில்லை, சத்தியமாக. உள்ளே போய் உட்கார்ந்து, கேசரி வந்து, பஜ்ஜி வந்து, அங்கிள் என் கையைப் பிடித்துக்கொண்டு அவராகவே கேட்டார்.

"வர்றப்ப நம்ம லாட்டைப் பார்த்தீங்களா தம்பி?"

"பார்த்தேனுங்க."

"எப்படிங்க இருக்குது?"

மேஜைக்கு அடியில் நஞ்சுண்டன் என் காலை மிதித்தான். அவன் ஜாவா எழுதுகிறவன், அவனுக்கு என்ன தெரியும்.

"அடி போயிருச்சுங்க. இந்த வின்டர் தாங்காதுங்க. கறுப்பு அடிச்ச காசு வேஸ்ட்."

அங்கிள் என் கையை விட்டுவிட்டார். ஆன்ட்டி, "பஜ்ஜி எடுத்துக்குங்க தம்பி" என்றார். அந்தக் குரலில் யாரும் எனக்கு அதுவரை பஜ்ஜி கொடுத்ததில்லை.

பிறகு, பிள்ளைகள் இரண்டும் கொஞ்சம் தனியாகப் பேசட்டும் என்றார்கள். தனியாகப் பேச அங்கே எது இடம்? லாட்தான். பெண் ஸ்வர்ணா எட்டு வயதில் இங்கே வந்தவள், பார்மஸிஸ்ட். தமிழ் எல்லாம் புரிகிறது, பதில் பாதி இங்கிலீஷில் வருகிறது. லாட்டை ஒரு சுற்றுச் சுற்றி வந்தோம். அப்புறம் அவள் ஒரு இடத்தில் நின்று, "இங்க எப்பவும் தண்ணி நிக்குது. வின்டர்ல ஐஸ் ஆயிடும். லாஸ்ட் இயர் ஐ ஃபெல். அப்பாகிட்ட சொன்னா, பார்த்து நடங்கறார்" என்றாள். அந்த வாரம் முழுக்க நான் கேட்ட ஒரே அறிவுள்ள பேச்சு அதுதான். உடனே உள்ளே போய் மேஜைமேல் இருந்த எவர்சில்வர் ஜக்கை எடுத்து வந்து அவள் காலடியில் ஊற்றினேன். இரண்டு பேரும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தோம்.

"பாருங்க, டிரெய்னேஜ் பக்கம்தான் போகுது. பாதியில பள்ளம், அதனால நின்னுடுது."

"ஆர் யூ ஷுர்?"

"ஷுர்."

அவள் சிரித்தாள். "ஒன் மோர் டைம்" என்றாள். இன்னொரு ஜக் ஊற்றினேன். இதைக் கண்ணாடி வழியாகப் பார்த்த ஆன்ட்டி, "ஏனுங்க, எம் பொண்ணு முன்னால எதுக்கு இப்படித் தண்ணிய ஊத்தறாரு, இப்பவே தண்ணி தெளிச்சு உட்டுட்டாரா?" என்று கேட்டாராம். மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர் வாய் நிறையப் பஜ்ஜியோடு, "அது அவனோட டெக்னிக்குங்க ஆன்ட்டி" என்றாராம்.

நீ போனில் கேட்ட கேள்விகளுக்கும் இங்கேயே பதில் எழுதிவிடுகிறேன். உயரம்: லைட் கம்பத்துக்கு அடியில் மஞ்சள் பெயின்ட் அடித்த கான்கிரீட் கட்டை இருக்கிறதே, அதற்கு மேல் இரண்டடி. நிறம்: கவனிக்கவில்லை. சிரிக்கும்போது இடது கன்னத்தில் மட்டும் சின்னதாக ஒரு பள்ளம் விழுகிறது, ரிப்பேர் தேவையில்லை. மற்றபடி நான் லாட்டை மட்டும்தான் பார்த்தேன்.

கிளம்பும்போது நீ சொல்லிக் கொடுத்த வாக்கியத்தை ஒரு எழுத்துப் பிசகாமல் சொன்னேன். "போயிட்டு லெட்டர் போடறோமுங்க." அக்கா, நான் சொன்னால் செய்கிறவன். அந்தச் சனிக்கிழமை காலையில் டேப், கேமரா, பெயின்ட் டப்பா சகிதம் மறுபடி போய், லாட்டை முழுக்க அளந்து, கெட்ட இடத்தையெல்லாம் ரோஸ் கலரில் வட்டம் போட்டு, பதினான்கு பக்கத்தில் போட்டோவோடு ரிப்போர்ட் எழுதி அனுப்பினேன். எங்கள் கம்பெனியில் இதற்கு நல்ல பீஸ் வாங்குவார்கள், நான் சும்மா செய்தேன். குப்பைத் தொட்டி ஓரமாக ஹோட்டல் எண்ணெயைக் கொட்டிக் கொட்டித் தார் அல்வா பதத்துக்கு வந்திருந்தது. அதை எழுதும்போதுகூட மரியாதைக்கு "பஜ்ஜி நன்றாக இருந்தது" என்று சேர்த்தேன்.

கவர் போய்ச் சேர்ந்ததும் ஆன்ட்டி அதைப் பிரிக்காமல், நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்துக்கு முன்னால் வைத்து, சூடம் காட்டி, அங்கிள் குளித்துவிட்டு வரும்வரை காத்திருந்து, பிறகுதான் பிரித்தார்களாம். உள்ளேயிருந்து முதலில் வந்தது குப்பைத் தொட்டியின் போட்டோ.

அன்று மாலையே அங்கிள் போன் பண்ணினார். கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவர் கத்தவில்லை.

"தம்பி, இருபது வருசத்துல அந்த லாட்டுக்கு நான் ஒரு பைசா செலவு பண்ணுனவன் இல்லீங்க. வர்ற மாப்பிள்ளைக்கு இதுதான் தொழிலுன்னு உங்க அக்கா சொன்னாங்க. ஊட்டுக்கு வெள்ளையடிக்கற மாதிரி, உங்களுக்காகத்தானுங்க அந்தக் கறுப்பே அடிச்சேன். அதும்மேல ரோஸ் கலர்ல ஊர் பூரா கோலம் போட்டுட்டுப் போயிருக்கறீங்க."

"அது கோலம் இல்லீங்க அங்கிள், வெட்டி எடுக்க வேண்டிய இடமுங்க" என்றேன்.

போனை வைத்துவிட்டார்.

நான் சொன்னது அத்தனையும் சரி, அக்கா. ஆனாலும் இரண்டு நாளாகச் சோறு இறங்கவில்லை. என்னைப் பார்த்து யாரும் இதுவரை ஒரு காபி டம்ளரைக்கூட விளக்கி வைத்ததில்லை. அந்த மனுஷர் எனக்காக ஒரு லாட்டுக்கே கறுப்பு அடித்திருக்கிறார், நான் போய் அதை வேஸ்ட் என்றேன். போனால் போகட்டும். தரகரிடம் வேறு ஜாதகம் எதுவும் எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிடு. எனக்கு ஒரு வருஷத்துக்குக் கல்யாணப் பேச்சே வேண்டாம். வெங்கடாசலம் அங்கிளுக்கு நீயே போன் பண்ணி, தம்பி சொன்ன விதம்தான் தப்பு, அடி போனது நிஜம் என்று சொல்லு. முதல் பாதியை மட்டும் சொன்னாலும் போதும்.

மச்சானுக்கு என் வணக்கம். குட்டிகளுக்கு முத்தம். உன் காலைத் தொட்டு ஆசி கேட்கிறேன். கிட்டே வந்தால் குட்டுவாய் என்பதால் எட்ட இருந்தே.

அன்புத் தம்பி,
வேலுமணி

பி.கு.: நேற்று ஏதோ அரசாங்க லீவு, போஸ்ட் ஆபீஸ் திறக்கவில்லை. இன்று இதைப் போடக் கிளம்பும்போது எனக்கு ஒரு கவர் வந்தது. நான்கு மூலையிலும் மஞ்சள். உள்ளே என்னுடைய ரிப்போர்ட்டே திரும்பி வந்திருக்கிறது. கடைசிப் பக்கத்தில் "முதல் மழைக்குப் பிறகு மறுபடி வந்து பார்க்க வேண்டும்" என்று எழுதியிருந்தேன். அதற்குக் கீழே அங்கிள் கைப்பட எழுதியிருக்கிறார்: "வியாழக்கிழமை மழையாமுங்க. நனைஞ்சுக்கிட்டே பார்த்துட்டு அப்படியே வீட்டுக்குச் சாப்பிட வாங்க. வீட்டு முன்னால கார் நிறுத்தற டிரைவ்வே பக்கம் மட்டும் குனியாதீங்க."

ஒன்பதாம் பக்கத்தில், தண்ணீர் ஓடுகிற திசைக்கு நான் போட்ட அம்புக்குறியைச் சிவப்பு மையால் அடித்து, நேர் எதிராகத் திருப்பி, பக்கத்தில் கோணல் மாணலான தமிழில் ஸ்வர்ணா எழுதியிருக்கிறாள்: "தண்ணி டிரெய்னேஜ் பக்கம் போகல. ரெண்டு தடவையும் ஹோட்டல் பக்கம்தான் வந்துச்சு. நீங்க எங்க பார்த்துட்டு இருந்தீங்க?"

அக்கா, உயரம், நிறத்துக்குக் கீழே நான் எழுதிய கடைசி வரியை அடித்துவிடு. தரகர், ஒரு வருஷம், எல்லாவற்றையும் அடித்துவிடு. இது உன் கைக்கு வருவதற்குள் நானே போன் பண்ணியிருப்பேன். குறுக்கே பேசு, அழு, பரவாயில்லை. காலிங் கார்டு இரண்டாக வாங்கிவிட்டேன்.