சும்மா நிற்கத் தெரியாத வண்டி

எங்கள் காருக்கு ஒரே ஒரு குறை. அதற்குச் சும்மா நிற்கத் தெரியாது. ஓடும்போது நன்றாக ஓடும். சிக்னலில் நிறுத்தினால் நடுங்கும், இருமும், அணைந்துவிடும். பின்னால் நிற்கிற வண்டிகளெல்லாம் என் பரம்பரையையே ஹாரனில் விசாரிக்கும்.

அந்தக் குறையை நான் ஆறு மாதமாகக் கண்ணும் கருத்துமாகக் காப்பாற்றி வந்தேன். ஏனென்றால் ஆறு மாதத்துக்கு முன்னால்தான் என் மனைவி லைசென்ஸ் வாங்கினாள்.

மகன்தான் கொண்டுபோய் வகுப்பில் சேர்த்துவிட்டான். ஐம்பத்தாறு வயதில், முதல் தடவையிலேயே தேறிவிட்டாள். நான் மூன்றாவது தடவையில் தேறியவன். அது வீட்டில் யாருக்கும் தெரியாது.

மகள் வீடு ஒரு மணி நேரத் தூரம். பேத்திக்கு எட்டு மாதம் ஆகிறது. நான் மனது வைத்தால் மாதம் ஒருமுறை போவோம். போய் உட்கார்ந்ததுமே கிளம்பலாமா என்பேன். இவள் தானாக ஓட்டிக்கொண்டு போக ஆரம்பித்தால் வாரத்தில் நாலு நாள் அங்கேதான். இங்கே நானும் அடுப்பும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

அதனால் சாவி கேட்கும்போதெல்லாம் ஒரே பதில் வைத்திருந்தேன். அணையாமல் இருக்க ஒரே காலால் பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் சேர்த்து மிதிக்க வேண்டும், அந்த வித்தை என் காலுக்குத்தான் வரும் என்பேன்.

என் மனைவி சண்டை போட மாட்டாள். பிரார்த்தனை செய்வாள். எனக்குக் கேட்கிற மாதிரி செய்வாள்.

"கடவுளே, அந்த வண்டிக்குச் சுகம் கொடுங்க."

கடவுள் மெக்கானிக்கை அனுப்பினார். டயருக்குக் காற்றடிக்கப் போன இடத்தில் அவர் இன்ஜின் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டுவிட்டு, இவள் முன்னாலேயே சொல்லிவிட்டார். த்ராட்டில் பாடியில் கரி பிடித்திருக்கிறதாம். இன்ஜின் காற்றை இழுக்கிற தொண்டை அது. துடைத்துவிட்டால் அணையவே அணையாதாம். வண்டியை விட்டுவிட்டுப் போங்கள் என்றார்.

நான் சாவியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். இந்த வேலைக்குப் போய்க் கடையா, நானே வீட்டில் செய்வேன் என்றேன். திட்டம் சுலபம். கழற்றுவேன். கரியை அப்படியே வைத்து மாட்டுவேன். துடைத்தும் சரியாகவில்லை, வண்டிக்கு வயதாகிவிட்டது என்று ஒரு பெருமூச்சு விடுவேன்.

வெள்ளிக்கிழமை மாலை வாசலில் நின்று, உள்ளே இருந்தவளுக்குக் கேட்கட்டும் என்று உரக்கச் சொன்னேன். "நாளைக்குக் காலைல பத்து மணிக்குப் பாடியை எடுக்கறேன்."

சனிக்கிழமை ஒன்பதரைக்கே பக்கத்து வீட்டுத் தையற்காரர் மதில் ஓரம் வந்து நின்றார். கடை திறக்கவில்லை. முகம் தொங்கிக் கிடந்தது.

"பத்து மணிக்குத்தானே சார் எடுக்கறீங்க?"

"ஆமா."

"வெளியூர்லேருந்து யாராச்சும் வரணுமா?"

"யாரும் வேண்டாம். நான் ஒருத்தனே எடுத்துடுவேன்."

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "எத்தனை நாளா சார் முடியாம இருந்துச்சு?"

"ஆறு மாசமா. நின்னா நடுக்கம். மூச்சு இழுக்க முடியல. தொண்டையெல்லாம் கறுப்பு."

அந்த நேரம் பார்த்து என் மனைவி வெளியே வந்தாள். தையற்காரர் இரண்டடி பின்னால் போனார்.

விஷயம் புரிந்த பிறகாவது அவர் வேலைக்குப் போயிருக்கலாம். என் மனைவி அவருக்கு ஒரு நாற்காலி போட்டாள். தனக்கு ஒரு முக்காலி. பழைய துணி, பழைய டூத் பிரஷ், கரி போக்குகிற ஸ்ப்ரே எல்லாவற்றையும் வரிசையாக வைத்தாள். ஸ்ப்ரே எங்கிருந்து வந்தது என்று அப்போதே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை.

பேட்டரி வயரைக் கழற்றினேன். காற்றுக் குழாயை இழுத்தேன். நாலு போல்ட்டைத் திருகிப் பாடியை எடுத்து மடியில் வைத்தேன். உள்ளே ஒரு வட்டத் தகடு. அதன் விளிம்பைச் சுற்றித் தார் பூசிய மாதிரி கரி. பார்க்கவே நிம்மதியாக இருந்தது.

என் மனைவி கண்ணை மூடினாள். "கடவுளே, இவர் கைக்குப் பலம் கொடுங்க. துடைக்காமலே துடைச்சிட்டேன்னு சொல்ற எண்ணம் மட்டும் வராம பாத்துக்கோங்க."

அவளை உள்ளே அனுப்பக் குடிக்கத் தண்ணீர் கேட்டேன். முக்காலிக்கு அடியிலிருந்து செம்பை எடுத்து நீட்டினாள்.

தையற்காரர் மடியை எட்டிப் பார்த்தார். "இதெல்லாம் சாருக்கு வருமாம்மா?"

"எங்க வீட்டுக்காரருக்கு வராதது ஒண்ணும் இல்லண்ணே. நெனச்சாருன்னா ஒரு பொட்டுக் கறுப்பு விட மாட்டாரு."

முப்பத்திரண்டு வருஷத்தில் பிறத்தியார் முன்னால் அவள் என்னைப் புகழ்ந்தது அதுதான் முதல் தடவை. எனக்குத் தலைகால் புரியவில்லை. கை என்னைக் கேட்காமலே பிரஷை எடுத்தது. ஸ்ப்ரே அடித்தேன். தேய்த்தேன். முன்பக்கம், பின்பக்கம், விளிம்பு என்று விடாமல் துடைத்தேன். தையற்காரர் ஆகா என்றார். இன்னும் கொஞ்சம் தேய்த்தேன். அரைமணி கழித்துத் தகட்டில் ஒரு முகம் தெரிந்தது. முட்டாள் மாதிரி இருந்தான். அப்புறம்தான் திட்டம் ஞாபகம் வந்தது.

எல்லாவற்றையும் மாட்டி ஸ்டார்ட் செய்தேன். இன்ஜின் வீறிட்டது. நின்ற இடத்திலேயே வெளியூர் போகிற சத்தம். தையற்காரர் நாற்காலியோடு நகர்ந்தார்.

எனக்குள்ளே குதூகலம். முகத்தில் சோகம். "முன்னைக்கு இப்ப மோசமாப் போச்சு. இனிமே நீ இந்தப் பக்கமே வராதே, ஆபத்து."

"ஒண்ணும் இல்லைங்க. இத்தனை நாள் அழுக்கோட மூச்சு விட்டுப் பழகிடுச்சு. திடீர்னு வழி கிடைச்சதும் நெறைய இழுக்குது. கொஞ்ச நேரம் சும்மா ஓடட்டும். தானே கத்துக்கும்."

"இதெல்லாம் உனக்கு யார் சொன்னது?"

"மெக்கானிக் தம்பிதான். வியாழக்கிழமையே போன் பண்ணிக் கேட்டுக்கிட்டேன். ஸ்ப்ரேயும் அவர்தான் கொடுத்து அனுப்பினாரு."

கால்மணி நேரத்தில் சத்தம் மெல்ல மெல்ல இறங்கியது. ஓடுகிறதா என்று பானட்டில் கை வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு வந்தேன். ஓட்டுகிற இடத்தில் அவள் இருந்தாள். பக்கத்து சீட்டில் சாப்பாட்டுக் கூடையும் பேத்திக்குத் தைத்த சட்டைகளும் இருந்தன. பெல்ட் போட்டிருந்தன. பின்கதவு எனக்காகத் திறந்திருந்தது.

மூன்று சிக்னல் வந்தது. மூன்றிலும் வண்டி அணையவில்லை. நான்காவதில் அவள் மேலே இருந்த கண்ணாடியை இப்படியும் அப்படியும் திருப்பினாள்.

"என்னங்க, பின்னாடி வர்ற வண்டி எதுவும் தெரியல. கண்ணாடி முழுக்க நீங்கதான் இருக்கீங்க. கொஞ்சம் குனிஞ்சுக்கோங்க."

மகள் வீடு வரும்வரை நான் நிமிரவில்லை.