ஆறரை அடிச் சூறாவளி

"சார், நான் நாளையிலேருந்து காலேஜுக்கு வரல. பெரியப்பாவோட கடலுக்குப் போறேன்" என்றான் செம்மல்.

அரிகிருஷ்ணன் அண்ணாந்து பார்த்தார். செம்மலோடு பேசும் எல்லோரும் அண்ணாந்துதான் பேச வேண்டும். ஆறரை அடி உயரம். கல்லூரி அலுவலகத்துக்குள் குனிந்து வந்து, குனிந்தபடியே நின்றுகொண்டிருந்தான்.

"ஏன்டா? எவனாவது ஏதாவது சொன்னானா?"

"வாயால சொன்னாப் பரவாயில்ல சார். பேனரே கட்டிட்டாங்க."

அரிகிருஷ்ணன் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தார். லாஸ்பேட்டையில், கல்லூரிகளுக்கிடையிலான கூடைப்பந்துப் போட்டிக்கு வந்த வெளியூர் அணிகள் தங்கியிருந்த விடுதிக்கு நேர் எதிரே, மஞ்சள் நிறத்தில் அது பளபளத்தது. நடுவில் செம்மல். பின்னால் மின்னல், அலை, வாயைத் திறந்த ஒரு சுறா. மேலே, 'எங்கள் ஆறரை அடிச் சூறாவளியே! வளையத்தை உலுக்க வா!' கீழே, 'இவண்: உன் வெறித்தனமான ரசிகர்கள்.'

சிக்கல் என்னவென்றால், சூறாவளி இதுவரை எந்த ஆட்டத்திலும் ஒரு கூடை கூடப் போட்டதில்லை.

கல்லூரியில் சேரும்வரை செம்மல் கூடைப்பந்தைத் தொட்டதே கிடையாது. அரிகிருஷ்ணன் மீன் வாங்கப் பிள்ளைச்சாவடிக்குப் போனபோது, வேன் கூரையில் இருந்த ஐஸ் பெட்டியை ஏறாமலே தரையில் நின்றபடி ஒரு பையன் இறக்குவதைப் பார்த்தார். வாங்கிய மீனை அங்கேயே மறந்துவிட்டு அவன் அம்மா சாந்தியைத் தேடிப் போனார். "உங்க பையன என்கிட்ட விடுங்க. டிகிரியும் வாங்குவான், கூடைப்பந்துல வளையத்துக்குக் கீழ நிக்கிற சென்டராவும் ஆடுவான். நான் பொறுப்பு" என்று வாக்குக் கொடுத்தார். அவர் வெறும் அலுவலக எழுத்தர்தான். ஆனாலும் கல்லூரி அணிக்கு முதல் ரசிகர் யார் என்று கேட்டால் வாட்ச்மேன் கூட அவரைத்தான் காட்டுவார்.

செம்மலுக்கு ஓடினால் கால் பின்னியது. எறிந்தால் பந்து எங்கெங்கோ போனது. ஆனால் ஒன்று. காற்றில் எந்தப் பந்து கிளம்பினாலும் அது கடைசியில் அவன் கைக்குத்தான் வந்தது. நாலு பேர் எகிறினாலும் ஐந்தாவதாக ஒரு கை மேலே போய், மாங்காய் பறிப்பது போலப் பறித்துக்கொண்டு வரும். பார்க்கிறவர்களுக்கு மயிர்க்கூச்செறியும். பறித்ததும் அவன் வெளியே நிற்கிறவனுக்குக் கொடுத்துவிடுவான். பயிற்சியாளர் கார்குழலியின் கட்டளை அது.

"கூடை போடறதெல்லாம் அப்பறம். சென்டர்னா ஒரே நாள்ல முளைக்கிற காளான் இல்ல. அடுத்த வருஷம் பாருங்க" என்பார் அவர்.

அரிகிருஷ்ணன் நேராக அவரிடம்தான் போனார். "மேடம், பேனரைப் பாத்து பையன் மிரண்டுட்டான். அவுத்துடலாமா?"

"ஆசையாக் கட்டியிருக்காங்க அரி சார். அவுத்தா அவங்க மனசு நோகும். நீங்க வேணா ஊர்ல போய்ப் பேசிப் பாருங்க" என்றார் கார்குழலி, விசிலைத் துடைத்துக்கொண்டே.

அன்று மாலையே அரிகிருஷ்ணன் பிள்ளைச்சாவடியில் இருந்தார். செம்மலின் பெரியப்பா உத்திராபதி படகு நிழலில் உட்கார்ந்திருந்தார்.

"அந்தப் பேனரை அவுத்துடுங்கண்ணே. பையன் கூச்சப்படறான்."

"எந்தப் பேனரு?"

"லாஸ்பேட்டையில கட்டினீங்களே."

"நாங்க கட்டலையே சாரு!"

சுற்றியிருந்த நாலைந்து பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். உத்திராபதியின் முகம் இருண்டது.

"நம்ம வூட்டுப் புள்ளைக்கு நமக்கு முன்னாடி எவனோ பேனரு கட்டிட்டானா? யாரு வேலைடா இது?"

"வேற யாரு? கனகசெட்டிக்குளம்தான். தாய்மாமன் முத்துவேலு" என்றது ஒரு குரல்.

"அதான பாத்தேன். காது குத்துக்கு மோதிரம் போடாதவன் இதுல முந்திக்கிறானா?"

"அண்ணே, நான் அவுக்கத்தான்..."

"நீங்க கெளம்புங்க சாரு. நல்ல நேரத்துல வந்து சொன்னீங்க. ஊரு மானமே போயிருக்கும்."

மறுநாள் காலை, மஞ்சள் பேனருக்குப் பக்கத்தில் அதைவிட இரண்டு மடங்கு பெரிதாக ஒரு நீலப் பேனர் நின்றது. 'கடல் தந்த கோபுரமே!' சேதி கேட்டுக் கனகசெட்டிக்குளம் கொதித்தது. சாயங்காலம் மூன்றாவது வந்தது. 'மாமன் மடியில் வளர்ந்த மலையே!' அதில் செம்மலைவிட முத்துவேலின் படம் பெரிதாக இருந்தது.

"சார், நீங்க என்ன பேசினீங்க ஊர்ல?" என்று கேட்டான் செம்மல்.

"நல்லாத்தான்டா பேசினேன்."

இனி வாயால் சொல்லிப் பயனில்லை, கண்ணால் காட்டிவிட வேண்டும் என்று அரிகிருஷ்ணனுக்குத் தோன்றியது. பையன் பயிற்சியில் தடுமாறுவதைப் பார்த்தால் ஊரார் தாமாகவே எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்வார்கள். உத்திராபதியையும் இன்னும் நாலு பேரையும் ஷேர் ஆட்டோவில் ஏற்றி மைதானத்துக்கு அழைத்து வந்தார்.

செம்மல் ஏமாற்றவில்லை. எறிந்த பந்து பலகையில் பட்டது, வளையத்தில் பட்டது, ஒரு முறை காக்கையை விரட்டியது. கூடைக்குள் மட்டும் போகவில்லை. அவன் தோழன் கலைச்செல்வன், அணியிலேயே குள்ளமானவன், நாலைந்து பந்துகளை அழகாகப் போட்டான்.

அரிகிருஷ்ணன் சோகமாகத் தலையை ஆட்டினார். உள்ளுக்குள் மகிழ்ச்சி. "பாத்தீங்களாண்ணே? இன்னும் கத்துக்கிற புள்ள."

உத்திராபதி கண்ணைச் சுருக்கி வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"புள்ள மேல குத்தமில்ல சாரு. வலை சரியில்ல."

"என்னது?"

"வலைக்கு அடிப்பக்கமே இல்லையே! அந்தக் குள்ளத் தம்பி பாவம், எத்தினி போட்டான், அத்தினியும் ஒழுவிப் போச்சு. இதப் பாத்துட்டு நம்ம புள்ளைக்கி எப்பிடி சாரு போட மனசு வரும்?"

"அண்ணே, அது அப்பிடித்தான் இருக்கும். ஆட்டமே அதான்."

"நீங்க ஆபீஸ் ஆளு. வலையப் பத்தி எங்களுக்குச் சொல்லாதீங்க" என்றார் உத்திராபதி. அவர் குரலில் இரக்கம் இருந்தது.

விடிந்தபோது இரண்டு வளையங்களிலும் வலையின் அடி மிக நேர்த்தியாகப் பின்னி மூடப்பட்டிருந்தது. சுறா விழுந்தாலும் அறாத முடிச்சு. கலைச்செல்வன் போட்ட முதல் பந்து உள்ளே போய், வீட்டுக்கு வந்த விருந்தாளி போல உட்கார்ந்துகொண்டது.

"செம்மலு, எடுடா!" என்று கத்தினார்கள்.

செம்மல் எகிறினான். ஒரு கையால் வளையத்தைப் பிடித்துத் தொங்கி, இன்னொரு கையால் வலையைக் கீழிருந்து ஒரு குத்து விட்டான். பந்து மேலே துள்ளி வெளியே விழுந்தது. வளையம் கிடுகிடுவென்று ஆடியது. மைதானமே ஆர்ப்பரித்தது. வாசலில் டீ கொண்டு வந்தவர் கூடக் கிளாசை வைத்துவிட்டுக் கைதட்டினார். கார்குழலி போனைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டு விசில் ஊதினார்.

மதியம் வலைகளின் முடிச்சை அறுத்து முடிப்பதற்குள் அந்தக் காட்சி எல்லார் போனிலும் ஓடியது. கீழிருந்து எடுத்தது, பந்து வெளியே வரும் இடம் மட்டும் இல்லை. தொங்குகிற செம்மலும் ஆடுகிற வளையமும்தான். 'சூறாவளி கரையைக் கடந்தது!' என்று தலைப்பு வேறு.

"நான் பந்தைத்தான் எடுத்தேன் சார்!" செம்மலுக்குக் கண் கலங்கியது. "நாளைக்கி இறுதிப் போட்டியில தொங்குடான்னு கத்துவாங்க. என்னால முடியாது சார்."

கார்குழலி அவன் தோளைத் தட்டப் பார்த்தார். எட்டவில்லை. முழங்கையைப் பிடித்து ஓரமாக அழைத்துப் போய் ஏதோ சொன்னார். செம்மல் முதலில் திகைத்தான். பிறகு சிரித்தான். அப்புறம் கடலுக்குப் போகிற பேச்சையே அவன் எடுக்கவில்லை.

"என்ன மேடம் சொன்னீங்க?"

"சும்மா தைரியம் சொன்னேன் அரி சார்."

இறுதிப் போட்டி, மற்றப் பிரிவில் ஜெயித்திருந்த காரைக்கால் அணியோடு. பிள்ளைச்சாவடி ஒரு பக்கம், கனகசெட்டிக்குளம் மறுபக்கம் என்று இரண்டு ஊரும் இரண்டு மேளத்தோடு வந்து இறங்கின. சாந்தி மீன் கூடையை வாசலில் வைத்துவிட்டு நேராக அரிகிருஷ்ணனிடம் வந்தாள்.

"சாரு, உங்கள நம்பித்தான் அனுப்பிச்சேன். இன்னிக்கி எம்புள்ளயப் பாத்து ஊரு சிரிச்சா அவன் தாங்க மாட்டான். அப்பறம் காலேஜும் வேணாம், ஒண்ணும் வேணாம். பெரியப்பாவோட போட்டுக்கே அனுப்பிச்சிடுவேன்."

அரிகிருஷ்ணனுக்குக் கடைசியாக ஒரு வழி தோன்றியது. ஓடிப் போய் மைக்கைப் பிடித்தார்.

"அன்பான ரசிகர்களுக்கு ஒரு வேண்டுகோள். நம் சென்டர் செம்மல் மிகவும் புதியவர். இன்னும் ஒரு கூடை கூடப் போட்டதில்லை. அவரிடம் பெரிதாக எதையும் எதிர்பார்க்க வேண்டாம்."

எதிரணிப் பயிற்சியாளர் தன் பையன்களைப் பார்த்துச் சிரித்தார். "கேட்டீங்களா? நம்மகிட்டயே காது குத்தறானுங்க. மூணு பேனரு, அந்த வீடியோ, எல்லாம் பாத்துட்டுத்தான்டா வந்திருக்கோம். அந்த நெட்டையன விடாதீங்க. மூணு பேரு அவன் மேலயே இருங்க."

இருந்தார்கள். செம்மல் வலது பக்கம் போனால் மூவரும் வலது பக்கம் போனார்கள். அவன் ஷூ கயிறு கட்டக் குனிந்தால் மூவரும் சுற்றி நின்றார்கள். காற்றில் கிளம்பிய பந்தையெல்லாம் அவன் பறித்தான். மூன்று பேர் மேலே விழ, நாலாம் பக்கம் தள்ளிவிட்டான். ஆளில்லாத மூலையில் தனியாக நின்ற கலைச்செல்வன் நிதானமாகப் போட்டான். மறுபடி பறித்தான். மறுபடி கொடுத்தான். மூன்று பேரைச் சுமந்துகொண்டு, அலைக்கு எதிரே படகு தள்ளுவது போல ஆட்டம் முழுக்க நின்றான்.

"போடுடா! தொங்குடா!" என்று இரண்டு ஊரும் அலறின.

கடைசி நிமிடம். இரண்டு அணியும் சமம். பந்து மீண்டும் செம்மல் கையில். இரண்டு மேளமும் நின்றுவிட்டன. அவன் பந்தைத் தலைக்கு மேலே தூக்கினான். மூன்று பேரோடு நாலாவது ஆளும் பறந்து வந்து அவன் மீது தொங்கினான். அரிகிருஷ்ணன் கண்ணை மூடிக்கொண்டார்.

திறந்தபோது கலைச்செல்வன் போட்ட பந்து வலைக்குள்ளிருந்து ஒழுகிக்கொண்டிருந்தது. விசில். ஜெயித்தாகிவிட்டது.

ஊர்க்காரர்களுக்குக் குதிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை.

"கடைசி வரைக்கும் நம்ம புள்ள ஒண்ணு கூடப் போடலையே" என்றார் உத்திராபதி மெதுவாக.

சாந்தி அவர் பக்கம் திரும்பினாள். "கண்ணு தெரியலயா மாமா உனக்கு? நாலு பேரு, நாலு தடிப்பசங்க, எம்புள்ள மேல தொங்கறானுங்க. அப்பிடியே நிக்கிறான்! நீ நிப்பியா?"

உத்திராபதி ஒரு கணம் யோசித்தார். பிறகு மேளக்காரன் கையிலிருந்த குச்சியைப் பிடுங்கித் தானே அடிக்கத் தொடங்கினார். அந்தப் பக்கம் முத்துவேல் சட்டையைக் கழற்றிச் சுழற்றினார். இரண்டு ஊரும் கலந்து செம்மலைத் தோளில் தூக்கப் பார்த்து, முடியாமல், கலைச்செல்வனைத் தூக்கின. செம்மல் அவனை ஒரு கையால் வாங்கித் தன் தோளில் உட்கார வைத்துக்கொண்டான்.

"படிக்கட்டும் சாரு, ஆடட்டும். ஒண்ணு போட எத்தினி வருஷம் ஆனாலும் ஆவட்டும்" என்று சாந்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அரிகிருஷ்ணன் நிம்மதியாக வெளியே வந்தார். பேனர்களை அவிழ்க்க அவர் வரச் சொல்லியிருந்த பிளெக்ஸ் கடை பிரேம்குமார் ஏணி மேல் நின்று, அந்த முதல் மஞ்சள் பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தான்.

"பத்திரமா அவுருப்பா. யாரோ புண்ணியவான் ஆசையாக் கட்டினது" என்றார் அரிகிருஷ்ணன்.

பிரேம்குமார் கீழே குனிந்து பார்த்தான்.

"கார்குழலி மேடத்தப் பாத்தா கொஞ்சம் ஞாபகப்படுத்துங்க சார். இத அடிக்கச் சொன்னப்பவே, அடுத்த வருஷத்துப் பேனருக்கு அந்தக் குள்ளப் பையன் போட்டோ தர்றேன்னாங்க, இன்னும் வரல."