டார்ச் மாஸ்டரின் கடவாய்ப்பல்

சிங்காநல்லூரில் மனிதர்களை முகத்தால் அல்லாமல் கடவாய்ப்பல்லால் அடையாளம் வைத்திருந்த ஒரே ஆள் டார்ச் மாஸ்டர்தான். எங்கள் மில் கேட்டுக்கு எதிரே இருந்த பேக்கரியில் அவர் டீ மாஸ்டர். "எங்க மேஸ்திரி வந்தாருங்களா?" என்று கேட்டால், "யாரு, வலது பக்கம் கீழ ரெண்டு போனவருங்களா?" என்பார்.

சட்டைப் பையில் எந்நேரமும் ஒரு சின்ன டார்ச் இருக்கும். மொறுமொறுவென்ற வர்க்கி பிஸ்கட்டைக் கடிக்காமல் டீயில் ஊறவைத்து விழுங்குகிற ஆள் கண்ணில் பட்டால் தீர்ந்தது. "ஏனுங்க, கொஞ்சம் ஆ காட்டுங்க" என்று பாய்லரை அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுவார். டீக்கு நிற்கிற கூட்டமும் சேர்ந்து எட்டிப் பார்க்கும்.

அது தொண்ணூறுகளின் நடுப்பகுதி. பல்லை அடைக்கத் தனியார் டாக்டரிடம் போனால் பாதிச் சம்பளம் அங்கேயே நின்றுவிடும். அரசு ஆஸ்பத்திரியில் விடிந்ததிலிருந்து வரிசையில் நின்றால், "அடைக்கிற மருந்து வரலீங்க, புடுங்கிரலாமா?" என்பார்கள். வலியில் துடிக்கிறவன் வேறென்ன சொல்வான்? எங்கள் டிபார்ட்மெண்டில் நாற்பது வயதுக்குள் பொக்கை வாயானவர்கள் ஒரு கபடி டீமுக்குத் தேறுவார்கள்.

மாஸ்டர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். ஊருக்கு வெளியே ஒரு பல் மருத்துவக் கல்லூரி. அங்கே பரீட்சை என்றால், நிஜமான வாயில் நிஜமான ஓட்டையை அடைத்துக் காட்டவேண்டும். அந்த வாயை மாணவர்களே தேடிக் கொண்டுவர வேண்டும். ஆள் கிடைக்காமல் பேக்கரியில் புலம்பிய இரண்டு பையன்களுக்கு மாஸ்டர் ஆள் பிடித்துக் கொடுத்தார். பையன்கள் தேறினார்கள், வந்தவர்களின் பல்லும் காசில்லாமல் பிழைத்தது. அதிலிருந்து மாஸ்டருக்குப் பித்துப் பிடித்துவிட்டது. அவிநாசியில் ஒரு கல்யாணத்துக்குப் போனவர், தான் சாப்பிடாமல், பந்தியில் யார் ஒரு பக்கமாகவே மெல்லுகிறார்கள் என்று பார்த்து நான்கு பேரைப் பிடித்து வந்தார்.

எனக்கும் வலது கடவாயில் ஓட்டை. டார்ச் அடித்துப் பார்த்தவர் முகம் மலர்ந்துவிட்டது.

"அருமையான ஓட்டைங்க கண்ணு! பரீட்சைக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குது. இன்னும் பத்து நாளைக்கு அப்படியே வெச்சிருங்க. என்னத்தையாச்சும் செஞ்சுபோடாதீங்க."

நான் சும்மா இருந்திருக்கலாம். ஓட்டை பெரிதானால் கவனிப்பும் பலமாக இருக்கும் என்று என் மூளை வேலை செய்தது. தினமும் இரண்டு தேங்காய் பன்னை அந்தப் பக்கமே வைத்து மென்றேன். பிரஷ்ஷை அங்கே விடவேயில்லை. பரீட்சை அன்று காலை கண்ணாடியில் பார்த்தால் கன்னமே பன் மாதிரி இருந்தது.

கல்லூரிக்குப் பஸ்ஸில் போகும்போது மாஸ்டர் என் வீங்கிய கன்னத்தைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்காகக் காத்திருந்த மாணவி பல்லடத்துத் தறிக்காரர் மகள். மாஸ்டரைத் தெரிவதற்கு முன்னால், சொல்லிவைத்த ஆள் வராததால் ஏற்கெனவே ஒரு தடவை பெயிலானவள். என் கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள்.

"சீழ் வெச்சிருக்குதுங்கண்ணா. இன்னைக்கு அடைக்க முடியாதுங்க" என்றாள். பிறகு அழ ஆரம்பித்தாள். பரீட்சைக்கு இன்னும் அரை மணி நேரம்தான். எனக்கு அவமானத்தில் தலை நிமிரவில்லை.

"அழுவாத அம்மணி" என்றார் மாஸ்டர். டார்ச்சை அவள் கையில் கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து வாயைத் திறந்தார். "இது ஆவுமான்னு பாரு."

இடது கடவாயில் அளவெடுத்த மாதிரி ஓர் ஓட்டை. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தாள். "ஆவுங்க!" என்றாள்.

"எத்தன நாளா மாஸ்டர் இது?" என்று கேட்டேன்.

"ரெண்டு வருசமாச்சுங்க. கடைசி நேரத்துல ஆள் இல்லாம போனா புள்ளைங்க என்ன பண்ணும்? ஸ்பேரா வெச்சிருந்தனுங்க. பெருசாகாம இருக்கோணுமுன்னு தெனமும் உப்புத் தண்ணில கொப்புளிச்சேன்."

"வலிக்கலீங்களா?"

"வலிக்காம இருக்குமுங்களா?"

அந்தப் பெண் தேறினாள். வீக்கம் வடிந்ததும் என் பல்லையும் அவளே பார்த்துச் சரிசெய்தாள். பரீட்சைக்கு மறுநாளே பேக்கரியில் மாஸ்டர் ஒரு வர்க்கியை இடது பக்கம் வைத்து நொறுக்கென்று கடித்தார். அதற்கு முன்னால் அவர் எதையும் கடித்து நான் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. ஊர் வாயையெல்லாம் பார்த்தவரின் வாயை எங்களில் ஒருவரும் பார்த்திருக்கவில்லை.

என் பல் இன்றும் கெட்டியாகத்தான் இருக்கிறது. ஆனால் வர்க்கியைக் கடிக்கும்போது மாஸ்டர் நினைவு வந்துவிட்டால், மென்று விழுங்கக் கொஞ்சம் நேரமாகிறது.