மூன்று கோடும் ஒரு புள்ளியும்

இது 2003-இல் நடந்ததா, 2004-இலா என்பது எனக்குச் சரியாக நினைவில்லை. சிலவற்றைக் கலைச்செல்வனே சொன்னார். சிலவற்றை மற்றவர்கள் சொன்னார்கள். நாளாக நாளாக இரண்டும் கலந்துவிட்டன. கார் சிவப்பு என்பதும், அதற்கு அடியில் அவர் டார்ச் லைட்டோடு மல்லாந்து படுத்திருந்தார் என்பதும் மட்டும் உறுதி.

"என்னங்க, ஸ்கூலுக்கு நேரமாச்சு. கீழ என்ன தேடுறீங்க?" மனைவி பாக்யலட்சுமி குனிந்து கேட்டாள்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாததுக்கா அரை மணி நேரம்?"

கலைச்செல்வனிடம் கேட்கப்படும் கேள்விகளில் பாதி இப்படித்தான் காற்றோடு போய்விடும். பெரம்பலூரில் அவர் இயற்பியல் ஆசிரியர். பொதுத்தேர்வு வந்தால் பறக்கும் படை. காப்பி அடிப்பவனை முதுகைப் பார்த்தே கண்டுபிடிப்பார். ஆனால் உடனே கேட்கமாட்டார். "கேட்டா உஷாராயிடுவான்" என்பது அவர் கொள்கை.

கார் அவருடையது அல்ல. துபாயில் இருக்கும் மைத்துனன் பிரேம்குமாருடையது. மிதித்தால் சீறுகிற பதினாறு வால்வு இன்ஜின். போன வாரம் அவன் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டான்.

"மாமா, ஆயிலும் ஃபில்டரும் மாத்தணும். மரை ஒண்ணா இருந்தா எந்த ஃபில்டரும் மாட்டிக்கும், அதுதான் ஆபத்து. உள்ள ரப்பர் வால்வு இருக்கான்னு பாருங்க. வண்டி நிக்கிறப்ப ஆயில் கீழ எறங்காம அதுதான் புடிச்சுக்கும். அது இல்லேன்னா காலைல ஸ்டார்ட் பண்ணுனதும் கடகடங்கும், கொஞ்ச நாள்ல இன்ஜின் போயிடும்."

"ம்."

"நான் ஆவணில வரேன். இன்ஜின் நல்லா இருந்தா கார் ஒங்களுக்குத்தான். இல்லேன்னா ஜெயங்கொண்டத்துல பெரியக்கா வூட்டுக்குக் குடுத்துடுவேன்."

பெரியக்கா வீடு என்றால் சகலை முத்தமிழ். முத்தமிழ் அந்தக் காரில் கையை வெளியே தொங்கப்போட்டுக்கொண்டு போவதைக் கலைச்செல்வனால் கற்பனை செய்யவே முடியவில்லை.

உள்ளூர் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் ஏழு ஃபில்டரை எடுத்துப் போடச் சொன்னார். ஒவ்வொன்றின் ஓட்டைக்குள்ளும் பென்சிலை விட்டு அழுத்திப் பார்த்தார்.

"எல்லாம் ஒண்ணுதான் சார். இதை வேன்ல போடுறாங்க, ஜீப்புல போடுறாங்க" என்றார் கடைக்காரர்.

"இது கார்."

"காருக்கும் நாலு வீல்தானே சார்?"

கலைச்செல்வன் பென்சிலைச் சட்டைப் பையில் செருகினார். பிறகு திருச்சிக்குப் பஸ் ஏறிப் போய், ரப்பர் வால்வு உள்ள சரியான ஃபில்டரை வாங்கி, மடியில் வைத்துக்கொண்டு வந்தார். பாடாலூர் வரும்போதுதான் அடுத்த சந்தேகம் வந்தது. இவ்வளவு நல்ல ஃபில்டரை மெக்கானிக் ஏன் மாட்டுவான்? பழையதைத் துடைத்துத் திரும்ப மாட்டிவிட்டு, இதை வேறு யாருக்காவது விற்றுவிட்டால்?

அதனால்தான் அன்று காலை காருக்கு அடியில் கிடந்தார். காப்பி அடித்தவன் விடைத்தாளில் அவர் போடும் அடையாளத்தையே, பள்ளியிலிருந்து கொண்டுவந்த ஒயிட்னரால், பழைய ஃபில்டரின் அடியில் போட்டார். படுக்கையாக மூன்று கோடு, நடுவில் ஒரு புள்ளி. வண்டி திரும்பி வரும்போது இந்த அடையாளம் இருந்தால், பழைய ஃபில்டரை மாற்றவில்லை என்று அர்த்தம்.

மெக்கானிக் கருப்பண்ணன் சாயங்காலம் காரைக் கொண்டுவந்து விட்டார்.

"எல்லாம் முறைப்படி செஞ்சாச்சு சார். ஒரு கொறையும் வெக்கல" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

மெக்கானிக் எதற்குக் கும்பிட வேண்டும்? கலைச்செல்வன் டார்ச்சோடு கீழே போனார்.

மூன்று கோடு. நடுவில் ஒரு புள்ளி.

ஃபில்டர் வேறு பளபளவென்று இருந்தது. 'என்னமாய்த் துடைத்திருக்கிறான்! திருடனுக்கு எவ்வளவு பொறுப்பு!' என்று நினைத்துக்கொண்டார். கருப்பண்ணனிடம் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவான்.

மறுபடியும் திருச்சி. மறுபடியும் ஒரு ஃபில்டர். இந்த முறை, காரில் மாட்டியிருந்த ஃபில்டரின் பக்கவாட்டில், இன்ஜினை ஒட்டி, யார் கண்ணுக்கும் படாத இடத்தில் இரண்டாவதாக ஓர் அடையாளம் போட்டார். உள்ளூர் ஆளே வேண்டாம் என்று குன்னம் வழியாக அரியலூருக்கு ஓட்டிக்கொண்டு போனார். அங்கே சிமெண்ட் லாரிகளுக்கு வேலை பார்க்கும் சாமிதுரையிடம் விட்டார்.

சாமிதுரை குழிக்குள் இறங்கி மேலே பார்த்தான். செருப்பைக் கழற்றி மேலே வைத்தான்.

"சார், நீங்க டீ குடிச்சிட்டு வாங்க."

"நான் இங்கயே நிக்கிறேன்."

"நின்னீங்கன்னா எனக்குக் கை ஓடாது சார். ஒங்க வண்டி வேலை வேற. இதைக் கொஞ்சம் பயபக்தியாத்தான் செய்யணும்."

பயம் எதற்கு? தப்புச் செய்பவனுக்குத்தானே பயம்? கலைச்செல்வன் டீக்கடையில் நின்று, குழியிலிருந்து கண்ணை எடுக்காமல் பார்த்தார். சாமிதுரை ஒரு பெயிண்ட் டப்பாவோடு குழிக்குள் போவது தெரிந்தது. எதையோ மறைக்கப் பூசுகிறான்!

வீட்டுக்கு வந்ததும் கீழே படுத்தார். அடியில் மூன்று கோடு, புள்ளி. பக்கவாட்டிலும் மூன்று கோடு, புள்ளி.

இரண்டு ஊர், இரண்டு மெக்கானிக், ஒரே திருட்டு. ஆகவே இது தனி ஆள் வேலை இல்லை, கூட்டம். பழைய ஃபில்டரோடு ஓட்டினால் இன்ஜின் போய்விடும் என்று பயந்து, காரைத் தார்ப்பாய் போட்டு மூடி, சாவியைப் பீரோவில் வைத்துப் பூட்டினார். ஒன்றரை மாதம் யாரையும் தொடவிடவில்லை.

"வண்டி என்னங்க, ஜுரம் வந்தவன் மாதிரி போத்திக்கிட்டுக் கெடக்கு?" என்றாள் பாக்யலட்சுமி.

"ம்."

ஆவணியில் பிரேம்குமார் வந்தான். தார்ப்பாயை விலக்கிச் சாவியைத் திருப்பினான். விளக்குகூட எரியவில்லை. பானட்டைத் தூக்கினான். எலி குடும்பமாகக் குடியிருந்து வயரையெல்லாம் தின்றிருந்தது.

"என்ன மாமா இது?"

அப்போதுதான் கலைச்செல்வன் ஒன்றரை மாத மௌனத்தைக் கலைத்தார். பறக்கும் படை அறிக்கை மாதிரி தேதி வாரியாகச் சொன்னார்.

"ரெண்டு பேரும் சேந்து ஏமாத்திட்டானுங்களா? கெளம்புங்க மாமா!"

பஸ் பிடித்து அரியலூர் போனார்கள். சாமிதுரை பிரேக் டவுன் ஆன லாரிக்குப் போயிருந்தான். ஒர்க்ஷாப்பில் அவன் மனைவி தனம்தான் இருந்தாள். பிரேம்குமார் கத்துவதற்கு வாயைத் திறந்தான். அதற்குள் அவள் கலைச்செல்வனைப் பார்த்துவிட்டு, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"வாங்க சார், வாங்க. பெரம்பலூரு வாத்தியாருதானே? வந்து ஒரு நிமிசம் பாருங்க."

சுவரில் சாமி படங்களுக்கான பலகை. அங்கே முருகனுக்கும் பிள்ளையாருக்கும் நடுவில் ஓர் ஆயில் ஃபில்டர் இருந்தது. மூன்று கோடு, நடுவில் ஒரு புள்ளி. மேலே மல்லிகைச் சரம். முன்னால் கற்பூரம் எரிந்த கறை.

"நீங்க பட்டை போட்டுப் பூசை பண்ணி மாட்டுனதை எப்படி சார் குப்பைல போடுறது? அதான் எடுத்து சாமிகிட்ட வெச்சுட்டோம். புதுசுலயும் அதே எடத்துல அதே மாதிரி வரைஞ்சுதான் மாட்டுனாரு. பக்கத்துல மறைவா ஒண்ணு போட்டிருந்தீங்களே, அதைக்கூட விடலியே, பாத்தீங்களா?"

பிரேம்குமார் திறந்த வாயை மூடிக்கொண்டு மாமாவைத் திரும்பிப் பார்த்தான்.

பிறகு நடந்தவை இவ்வளவுதான். கருப்பண்ணனும் தன் கடையில் ஒரு ஃபில்டரை வைத்துக் கும்பிட்டுவந்தது அப்புறம் தெரிந்தது. கார் வயர் மாற்றப்பட்டு ஜெயங்கொண்டத்துக்குப் போனது. முத்தமிழ் கையை வெளியே தொங்கப்போட்டுக்கொண்டுதான் ஓட்டுகிறார். இன்ஜின் நன்றாக இருக்கிறது. பிரேம்குமார் துபாய்க்குத் திரும்பிவிட்டான். கலைச்செல்வன் பறக்கும் படைக்குப் போவதில்லை. பஸ்ஸில் பள்ளிக்குப் போகிறார். அரியலூரில் சிமெண்ட் லாரிக்காரர்கள் ஃபில்டர் மாற்றினால், 'வாத்தியார் பட்டை' இருக்கிறதா என்று குனிந்து பார்த்துவிட்டுத்தான் வண்டியை எடுக்கிறார்கள். அது இருந்தால், ஃபில்டரை மாற்றியாகிவிட்டது என்று அர்த்தம்.