ஜன்னலோரம் பிடிபட்ட நியூட்ரான்

சூரிய நியூட்ரானைப் பிடித்துவிட்டேன் என்று ஒருமுறை ஊரைக் கூட்டியவன் நான். ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

ஜூஜுவாடியில் எங்கள் யூனிட்டுக்கு அப்போது ஒரு சின்ன வேலை வந்திருந்தது. விண்கலத்தில் போய்ச் சூரிய நியூட்ரான்களை எண்ணப்போகும் கருவிக்கு ஒரு சோதனை மாதிரி. நியூட்ரான் மோதினால் மினுங்கும் பிளாஸ்டிக் கட்டை, அந்த மினுங்கலைப் பார்க்க ஒரு சென்சார். வெளி வெளிச்சம் துளியும் புகாமல் கருப்பு ஃபிலிம் சுற்றுவது என் பொறுப்பு. தேறினால் நிஜக் கருவியின் வேலையும் எங்களுக்கு. தேறாவிட்டால் எங்கள் போட்டியாளர்களான அத்திப்பள்ளிக்காரர்களுக்கு.

வேலை கொடுத்த ஆய்வுக்கூடத்திலிருந்து வந்த மேடம் (சேலத்துக்காரர்) சொல்லச் சொல்ல எனக்குக் கிறுகிறுத்தது. நியூட்ரானுக்கு மின்சுமை இல்லை. எந்தக் காந்தத்துக்கும் வளையாது, கிளம்பிய திசையிலேயே வரும். ஆனால் தனியே விட்டால் ஆயுள் ஏறக்குறைய கால் மணி நேரம். பூமிக்கு வருவதற்குள் பெரும்பாலானவை வழியிலேயே உடைந்துபோகும். அதனால்தான் கருவி சூரியனை நோக்கிப் போய் எதிர்கொள்ள வேண்டும். அவ்வளவு குறைந்த ஆயுளில் அவ்வளவு நேரான நடை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்தப் பரவசத்தில் ஃபிலிம் சுற்றினேன். எல்லா வேலைக்கும் போடுவதுபோல, கோடு கிழிக்கும் ஊசியால் ஃபிலிமின் மூலையில் ஒரு பிள்ளையார் சுழியும் கீறினேன்.

பதினொரு மணிக்கு வெயில், மாதிரி இருந்த ஜன்னலோர மேஜைக்கு வந்தது. சென்சாரோடு இணைத்த கணினியில் எண் தாவியது.

"மேடம், வந்துருச்சுங்க. சூரியன்ல இருந்து நியூட்ரான் வந்துருச்சு."

நாலு மிஷின் நின்றது. "ராக்கெட்டே வேணாம் போல குரு," என்றான் யாரையும் குரு என்றே கூப்பிடும் லேத் மஞ்சுநாத். நான் அதற்குள் மனைவிக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

மேடம் போய் ஜன்னல் திரையை இழுத்து மூடினார். எண் விழுந்தது. விலக்கினார், ஏறியது.

"நியூட்ரான் துணிக்கெல்லாம் நிக்காதுங்க, இது உள்ள புகுற வெயிலு," என்றவர் குனிந்து பார்த்தார். "இந்தச் சுழி யாரு போட்டது?"

"நான்தாங்க. நல்லபடியா முடியணும்னு."

எங்கள் முதலாளி ஓடிவந்தார். "ஆர்டர் போச்சுங்களா?"

"வழக்கமா ஓட்டை எங்கன்னு தேடியே எங்களுக்கு மாசம் ஓடிரும். இவரு கையெழுத்தே போட்டு வெச்சிருக்காரு. மறுபடி சுத்தச் சொல்லுங்க."

சுற்றினேன், வெறும் ஃபிலிம் மட்டும். முழு வெயிலும் மேலே விழுந்தது, எண் அசையவில்லை. ஆர்டர் எங்களுக்கே வந்தது.

இன்றும் வீட்டில் நான் எதையாவது வியந்து ஆரம்பித்தால், மனைவி எழுந்துபோய் ஜன்னல் திரையை இழுத்து மூடிவிட்டு வந்து உட்காருவாள்.

"ம், இப்ப சொல்லுங்க."