நிச்சயப் பெட்டியின் முடிச்சு

2024 ஓகஸ்ட் 18, ஞாயிற்றுக்கிழமை. தங்கராஜாவின் முறைப்பாடு இதுதான்: கைப்பேசியில் கயிற்று முடிச்சு கற்பிக்கும் அந்தப் பெண்மணி, தாம் காட்டுவது வலக்கையா இடக்கையா என்று ஒரு முறையேனும் சொல்லவில்லை.

பதுளைக் கடைவீதியில் நாற்பது ஆண்டுகளாகப் பலசரக்குப் பொட்டலம் கட்டியவர் அவர். அன்று பத்து மணிக்கு மகள் யசோதினிக்கு நிச்சயம். மாப்பிள்ளை ஜெயரூபன் ஜப்பானில் வேலை செய்பவர். அவருக்குரிய வேட்டியும் மோதிரமும் வைத்த மரப்பெட்டியை ஜப்பானியர் செய்வதுபோல் வெள்ளைக் கயிற்றால் அலங்கரித்துக் கொடுத்தால் சம்பந்தி வீட்டார் அசந்துபோவார்கள் என்பது தங்கராஜாவின் கணிப்பு. முதற்பாடம் மிக எளியது. கயிற்றை ஒரு சுற்றுச் சுற்றி, நுனியை மடித்துச் செருக வேண்டும். வேண்டும்போது நுனியை இழுத்தால் முடிச்சு அவிழும்.

அவிழ்ந்தது. ஆனால், இழுப்பதற்கு முன்பே அவிழ்ந்தது.

"என்னங்க, கடையில ஒரு நாளாவது பருப்புப் பொட்டலம் இப்படி வாயப் பொளந்துச்சா?" என்று கேட்டார் மனைவி வள்ளியம்மை.

அந்தச் சொல் சுட்டது. கயிறு வழுக்குகிறது என்று தண்ணீர் தெளித்து இறுக்கினார். இறுக்கிய கை, நாற்பதாண்டுப் பழக்கத்தில், அவரைக் கேளாமலேயே மேலே ஒரு கடைமுடிச்சையும் போட்டுவிட்டது. அதை நெம்பியபோது அடியிலிருந்தது மேலும் இறுகியது. தேங்காய் எண்ணெய் விட்டார், விரல்தான் வழுக்கியது. பல்லால் கடித்து இழுத்தார். கட்டுப்பல் கயிற்றோடு வந்தது.

வாசலில் வேன் வந்து நின்றது.

பண்டாரவளையிலிருந்து வந்த மாப்பிள்ளையின் தாயார் ரெங்கம்மா, பெட்டியை மடியில் வைத்துத் திறக்க முயன்றார். பிறகு அவருடைய தம்பி முயன்றார். நல்ல நேரம் முடியப் பத்து நிமிடமே இருந்தது. வள்ளியம்மை அடுப்படிக்குப் போய்க் கத்தியை எடுத்து வந்தார்.

"நிச்சயத்தன்னைக்கு வெட்டுறதா? உள்ள வைங்க அத," என்றார் ரெங்கம்மா.

அவருடைய முகம் கறுத்துவிட்டது. சகுனம் சரியில்லை, இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று எழுந்தே விட்டார். யசோதினியின் கண் கலங்கியது. தங்கராஜா தரையைப் பார்த்தார்.

மாப்பிள்ளை பெட்டியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"உக்காருங்கம்மா. இழுத்தா அவிழுற முடிச்ச ஜப்பான்ல கல்யாணத்துக்குப் போடவே மாட்டாங்க. இன்னொருக்கா கல்யாணம் நடக்கட்டும்னு சொல்ற மாதிரி ஆயிரும். இப்படி அவிழாத முடிச்சுத்தான் போடணும். மாமா, இத நீங்க எங்க படிச்சீங்க?"

"எல்லாம் பழக்கந்தான் மாப்பிள்ளை," என்றார் தங்கராஜா, கட்டுப்பல்லைச் சட்டைப்பையில் போட்டபடி.

நிச்சயம் இனிதே நிறைவேறியது. கல்யாணம் தையில். மோதிரமோ இன்னும் பெட்டிக்குள் இருக்கிறது. ஆகவே வாசகரே, முடிச்சவிழ்க்கத் தெரிந்தவராயின் உடனே பதுளைக்குப் புறப்படுங்கள், கத்தியோடு வராதீர்கள்.