பண்டிகைக்கால டென்ஷன் நிவாரணத் திட்டம்

உலகத்தின் துன்பத்துக்கெல்லாம் ஆசைதான் காரணம் என்று முதலில் கண்டுபிடித்தவர் ஓர் அரசகுமாரர். பாவம், அதற்காக அவர் அரண்மனை, மனைவி, மகன் எல்லாவற்றையும் விட்டுவிட்டுக் காட்டுக்குப் போக வேண்டியிருந்தது. அதே உண்மையை, மின்விசிறிக்கு அடியில் போட்ட நாற்காலியை விட்டு எழுந்திருக்காமலே கண்டுபிடித்த பெருமை, ஒரகடத்துக்குப் பக்கத்தில் இருந்த சர்வமங்களா ரப்பர் கம்பெனியின் பர்சனல் ஆபீசர் பாபு அவர்களையே சேரும். ஆண்டு 1991, மாதம் ஐப்பசி. தீபாவளிக்குப் பத்து நாள் பாக்கி.

அன்றைக்கு அவர் மேஜையில் நாற்பத்திரண்டு லீவு லெட்டர்கள் இருந்தன. அதே மேஜையில், ஜெர்மனிக்குப் போக வேண்டிய ரப்பர் வளையங்கள் தீபாவளிக்கு மறுநாள் கப்பல் ஏற வேண்டும் என்ற முதலாளியின் தந்தியும் இருந்தது. பாபு இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். சாதாரண அதிகாரியாக இருந்தால் 'லீவு கிடையாது' என்று எழுதிக் கெட்ட பேர் வாங்கியிருப்பார். பாபு சாதாரண அதிகாரி இல்லை. தொழிலாளர்கள் லீவு கேட்கவில்லை, நோயுற்றிருக்கிறார்கள் என்று அவருக்குச் சட்டென்று விளங்கிவிட்டது.

மறுநாள் போர்டில் சர்க்குலர் ஒட்டினார்கள். 'தீபாவளியின் தேதியை மாற்றும் அதிகாரம் நிர்வாகத்துக்கு இல்லாதபடியால், தீபாவளி லீவின் தேதி மட்டும் தை மாதத்துக்கு மாற்றப்படுகிறது. இதனால் தொழிலாளர்களுக்கு உண்டாகக்கூடிய பண்டிகைக்கால டென்ஷனைப் போக்க, தினமும் மூன்று மணி முதல் மூன்றரை வரை தியானம் நடைபெறும். காலண்டரை அடிக்கடி பார்ப்பது, பஸ் நேரம் விசாரிப்பது, லீவு லெட்டர் எழுதுவது ஆகியவை நோயின் அறிகுறிகள்.'

அறிகுறிகள் மூன்றும் முற்றிப் போயிருந்த ஆள், பிரஸ் ஆபரேட்டர் பொன்னுரங்கம். வல்லம் வடகால்காரன். ஆவணியில் கல்யாணம் ஆனவன். அதாவது, இது அவனுக்குத் தலை தீபாவளி. வாலாஜாபாத்திலிருந்து மாமனார் நடேசன் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு பழத்தோடு நேரில் வந்து அழைத்துவிட்டு, மகள் ஏலவார்குழலியை முன்கூட்டியே கூட்டிக்கொண்டு போயிருந்தார். போகும்போது சொன்னார்: "எங்க தெருவுல மாப்ள வராத தலை தீபாவளி இன்னி வரைக்கும் கெடையாது. பாத்துக்கோங்க மாப்ளே."

பிறகு ஏலவார்குழலியிடமிருந்து இன்லண்ட் லெட்டர் வந்தது. 'எதிர் வீட்டு அம்மா இப்பவே கேக்கறாங்க, உன் வீட்டுக்காரர் வருவாரா மாட்டாரான்னு. நீங்க வரலைன்னா உங்களுக்கு என்னப் பிடிக்கலைன்னுதான் பேசுவாங்க. நான் தண்ணிக்குக் கூட வெளியில போக முடியாது.' பொன்னுரங்கம் அந்த லெட்டரைப் படித்த நாள் முழுக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை. பிடிக்கவில்லையாமே! அவளை நினைத்தால் பிரஸ் அச்சில் எட்டு நிமிஷத்தில் வேக வேண்டிய ரப்பர் பத்து நிமிஷம் ஆகிக் கருகிப் போகிறது.

நோயைக் குணப்படுத்த மெட்ராஸிலிருந்து தியான நிபுணர் சிவசங்கர் வரவழைக்கப்பட்டார். பேண்ட் சட்டைதான் போட்டிருந்தார். ஆனாலும் கண்ணை மூடச் சொன்னதால் எல்லோரும் அவரை 'சாமி' என்றே கூப்பிட்டார்கள். குரல் அப்படியே நெய்யில் வழுக்கிக்கொண்டு வரும்.

"வீட்டை மனசாலேயே போய்ப் பார்த்துட்டு வந்துடுங்க. நெரிசல் கிடையாது, புகை கிடையாது. பொன்னுரங்கம், கண்ணை மூடினா என்ன தெரியுது?"

"வாலாஜாபாத் தெரியுது சாமி."

"நல்லது. அதைத் தாண்டிப் போ."

"தாண்டினா காஞ்சிபுரம் சாமி. மாமனாரு வூடு போயிடும்."

"அப்போ அங்கேயே நில். மனசாலேயே எண்ணெய் தேய்ச்சுக் குளி. மனசாலேயே புதுத்துணி கட்டிக்கோ."

"மனசால குளிச்சா மாமனாரு ஒத்துக்குவாரா சாமி?"

நிபுணர் புன்னகைத்தார். "ஒத்துக்கணும்னு எதிர்பார்க்கறியே, அதுதான் ஆசை" என்றார். பாபு இதைத் தனி நோட்டில் குறித்துக்கொண்டார்.

நான்காம் நாள், கண்ணை மூடியபடியே நகர்வதற்கு 'நடைத் தியானம்' கற்றுத் தந்தார்கள். முன்னால் நிற்பவன் தோளில் கை வைத்துக்கொண்டு, ஷெட்டை மெதுவாகச் சுற்றி வர வேண்டும். அன்று தமிழ்வாணன் என்பவன் ஒற்றைக் கண்ணைத் திறந்து கடிகாரம் பார்த்துவிட்டான். உடனே சர்க்குலர் எண் இரண்டு: 'கண்ணைத் திற என்ற குரல் கேட்கும் வரை எவரும் கண் திறக்கலாகாது. மீறினால் ஒழுங்கு நடவடிக்கை.' அடுத்த நாள் கேட் வாட்ச்மேன் கோதண்டம், யாரோ வந்த காருக்கு விசிலடித்துத் தியானத்தைக் கெடுத்துவிட்டார். அவருக்கு ஒரு மெமோ. பிறகு சர்க்குலர் எண் மூன்று: 'தியானத்தில் இருப்பவரைத் தொடுவதோ, தடுப்பதோ, கூப்பிடுவதோ கூடாது.' நிர்வாகத்தின் கருணைக்கு எல்லையே இல்லை.

பொன்னுரங்கம் கடைசியாக ஒருமுறை பாபுவின் அறைக்குப் போய்ப் பார்த்தான்.

"ஒரு ராத்திரி சார். காலைல எண்ண தேச்சிக்கினு, மதியமே வந்து பிரஸ்ல நிக்கறேன். எம் பொண்டாட்டி மானம் போயிடும் சார்."

"தியானம் நல்லா பண்றியாப்பா?"

"பண்றேன் சார்."

"இன்னும் ஆழமாப் பண்ணு."

தீபாவளிக்கு முதல் நாள். மூன்றரைக்குப் பகல் ஷிப்ட் முடிந்ததும் விடிய விடிய ஓ.டி. என்று ஏற்பாடு. மூன்று மணிக்கு மெஷின்களை நிறுத்தி நாற்பத்திரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நிபுணரைக் காணோம். அவருக்குப் பதில் ஒரு ஸ்டூலில் டேப் ரெக்கார்டர் இருந்தது. பாபு வந்து பட்டனை அமுக்கிவிட்டுப் போனார். கேசட்டின் முதல் பக்கம் உள்ளே போவதற்கு. இரண்டாம் பக்கம் வெளியே வருவதற்கு.

நெய்க்குரல் எல்லோரையும் மெல்ல உள்ளே அழைத்துப் போனது. பிறகு 'டக்' என்று ஒரு சத்தம். முதல் பக்கம் முடிந்துவிட்டது. யாரும் வந்து கேசட்டைத் திருப்பிப் போடவில்லை. வெளியே ஒரு ஸ்கூட்டர் கிளம்பிப் போகிற சத்தம் மட்டும் கேட்டது.

மூன்றரைக்குச் சங்கு ஊதியது. 'கண்ணைத் திற' என்று யாரும் சொல்லவில்லை. சங்கு சொல்லும் என்று சர்க்குலரில் இல்லை.

பொன்னுரங்கத்துக்குக் கால் மரத்தது. பிரஸ்ஸுக்குப் போகலாமென்றால் கண் திறக்க வேண்டும். கண் திறந்தால் மெமோ. அப்போதுதான் அவனுக்குள் ஞானம் உதித்தது. கண்ணைத் திறக்கத்தான் கூடாது. எழுந்திருக்கக் கூடாது என்று எங்கே போட்டிருக்கிறது?

எழுந்தான். தொண்டையைக் கனைத்து, "நடைத் தியானம்" என்றான். தமிழ்வாணனின் கை அவன் தோளில் விழுந்தது. அதன் பின்னால் இன்னொரு கை. நாற்பத்திரண்டு பேரும் ரயில் பெட்டி மாதிரி கோத்துக்கொண்டு ஷெட்டைவிட்டு வெளியே வந்து, சைக்கிள் ஸ்டாண்டைச் சுற்றி, கேட்டை நோக்கி நடந்தார்கள். ஒருவரும் எதிலும் இடித்துக்கொள்ளவில்லை. ஞானக்கண் என்று பெரியவர்கள் சொன்னது இதைத்தான்.

கோதண்டம் பதறிப்போனார். விசிலை வாய்க்குக் கொண்டுபோனவர், மெமோ ஞாபகம் வந்து கீழே இறக்கினார்.

"டேய் பொன்னுரங்கம்," என்றார் காற்றுக்குக் கூடக் கேட்காத குரலில். "எங்கடா போறே? ஓ.டி. கீதுடா!"

வரிசை மூச்சை இழுத்து, மூச்சை விட்டு, நகர்ந்துகொண்டே இருந்தது. கோதண்டம் கூண்டுக்குள் ஓடிப்போய் மூன்றாம் சர்க்குலரை விரல் வைத்துப் படித்தார். தொடக்கூடாது. தடுக்கக்கூடாது. கூப்பிடக்கூடாது.

"கேட் பாஸ் கேக்கலாமான்னு போடலியே" என்று முனகிவிட்டு, கேட்டின் இரண்டு கதவையும் அகலத் திறந்தார். கடைசி ஆள் தாண்டும்போது, அவன் தோளில் தானும் கை வைத்துவிடலாமா என்று ஒரு நிமிஷம் தவித்தார். உத்திரமேரூரில் அவருக்கும் குடும்பம் இருக்கிறது. கேட்டை யார் பார்ப்பது? வைக்கவில்லை. பாவம், நல்ல மனுஷன்.

ஆபீஸ்காரர்களை ஏற்றிக்கொண்டு காஞ்சிபுரம் போகிற கம்பெனி பஸ் வழக்கம்போல வெளியே நின்றது. டிரைவருக்கு எந்தச் சர்க்குலரும் வந்ததில்லை. ஆள் ஏறினால் ஓட்டுவார். ஓட்டினார். ஆறு மணிக்குள் பொன்னுரங்கம் வாலாஜாபாத்தில் இறங்கி, எதிர் வீட்டு அம்மாவுக்குப் பெரிய கும்பிடாகப் போட்டுவிட்டு உள்ளே போனான். ஏலவார்குழலி அவனைப் பார்த்ததும் அழுதுவிட்டாள். விடியற்காலையில் தலையில் எண்ணெய் வைத்து, சீயக்காய் தேய்க்கும்போது மாமனார், "கண்ணத் தொறக்காதீங்க மாப்ளே, எரியும்" என்றார். அவன் சந்தோஷமாகக் கீழ்ப்படிந்தான்.

மூன்றாம் நாள் விசாரணை. முதலாளியே மெட்ராஸிலிருந்து வந்திருந்தார். வளையங்கள் கப்பல் ஏறவில்லை. நிபுணரும் வந்திருந்தார். பாபு குற்றப்பத்திரிகையை வாசித்தார்: 'தியான நிலையில் இருந்துகொண்டே ஓ.டி.க்கு வராமல் போனது.'

"இன்னா சார் குத்தம்? கண்ணத் தொறன்னு ஒருத்தரும் சொல்லலியே" என்றான் பொன்னுரங்கம். "சர்க்குலர் பிரகாரம் தியானம் பண்ணிக்கினே போனோம்."

முதலாளி நிபுணரின் பக்கம் திரும்பினார். "நீங்க ஏன் அன்னிக்கு வரலை?"

"பண்டிகையாச்சே சார்" என்றார் சிவசங்கர், அதே நெய்க்குரலில். "பிள்ளைங்க காத்துகிட்டு இருப்பாங்க. போகலைன்னா மனசு கேக்காது."

"கேசட்டைத் திருப்பிப் போட வேண்டியவர் நீங்கதானே பாபு? நீங்க எங்கே போனீங்க?"

பாபு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்தார். "என் தங்கச்சிக்குத் தலை தீபாவளி சார். மாப்பிள்ளை எங்க வீட்டுக்கு வர்றப்போ நான் இல்லைன்னா நல்லா இருக்காதே சார்."

முதலாளி கண்ணை மூடிக்கொண்டு உண்மையான தியானத்தில் ஆழ்ந்தார். பிறகு பாபு சுதாரித்துக்கொண்டு, "அது வேற விஷயம்" என்றார். "பொன்னுரங்கம், உன் தரப்புல சொல்ல ஏதாவது இருக்கா?"

"கீது சார். பண்டிக வந்தா மனசு இன்னா பாடு படும், அதுக்கு மருந்து இன்னான்னு உங்க ரெண்டு பேருக்குமே தெரிஞ்சிருக்குது. நேரா வூட்டுக்குப் போய் அந்த மருந்த நீங்க சாப்ட்டீங்க. எங்களுக்கு மட்டும் ஏன் சார் வெறும் பத்தியம்?"